சதுரங்க மேதை மீர் சுல்தான் கான்: ஆடக் கிடைத்த ஐந்து ஆண்டுகள்



சதுரங்கம் என்று சொன்னால் இன்று நம்ம ஊர்ப் பிள்ளைகள் வாயில் ஆனந்த், பிரக்ஞானந்தா, குகேஷ் என்று பெயர்கள் சரம் சரமாய் வருகின்றன. 1961-ல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன் பெயரையும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் ரொம்ப காலம் முன்பே, இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், உலகத்தின் முதல் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டு, வந்த வேகத்திலேயே காணாமல் போனவர் ஒருவர் உண்டு. அவர்தான் மீர் சுல்தான் கான். பஞ்சாப்காரரைப் பற்றி நம்ம மலரில் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. திறமை ஒரு பக்கம் இருக்க, அந்தத் திறமையை ஆடிக் காட்டுவதற்கு ஒரு போட்டி வேண்டும், அந்தப் போட்டியை நடத்த நாலு பேர் வேண்டும் என்பதை இவர் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டுகிற வாழ்க்கை வேறு எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரியில் போட்டி நடத்துகிற தம்பிகளுக்கும் உபயோகப்படட்டுமே என்று, போட்டிகள் எந்தெந்த முறையில் நடக்கின்றன என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

சுல்தான் கான் பிறந்தது 1903-ல், பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊரில். பழைய புத்தகங்களில் 1905 என்றும் இருக்கும். இன்றைக்கு அந்த ஊர் பாகிஸ்தானில் இருக்கிறது. ஒன்பது வயதில் தகப்பனாரிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டார். அவர் கற்றது நாம் இப்போது ஆடுகிற ஆட்டம் இல்லை, அந்தக் கால இந்திய வகை. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் தாண்டாது. ராஜாவுக்குக் கோட்டை கட்டுகிற சலுகை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். இப்படி ஆடும்போது ஆரம்பம் மெதுவாக நகரும். படைகள் முட்டிக்கொள்ள நேரமாகும். பொறுமை உள்ளவன் ஜெயிப்பான். இந்தப் பொறுமை கடைசி வரை அவரிடம் இருந்தது.

இருபத்து மூன்று வயதுக்குள் பஞ்சாபிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டார். அங்கே சர் உமர் ஹயாத் கான் திவானா என்று ஒரு பெரிய நிலச்சுவான்தார், பிரிட்டிஷ் அரசாங்கத்தில் செல்வாக்குள்ளவர், சதுரங்கப் பைத்தியம். அவர் சுல்தான் கானைத் தன்னோடு வைத்துக்கொண்டு ஐரோப்பிய விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். 1928-ல் ஓர் அகில இந்தியப் போட்டியையும் நடத்தினார். சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று, ஒன்றை டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஒரு போட்டி என்பது என்ன என்று பார்த்துவிடலாம். பதினாறு பேர் இருக்கிறார்கள், யார் சிறந்தவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். சுலபமான வழி நாக்-அவுட். தோற்றவன் வீட்டுக்குப் போகலாம், பதினைந்தே மோதலில் ஒருவன் மிஞ்சுவான். உலகத்தின் முதல் சர்வதேசப் போட்டி, 1851-ல் லண்டனில் ஹோவர்டு ஸ்டான்டன் முன்னின்று நடத்தியது, இந்த முறையில்தான் நடந்தது. பதினாறு பேர். ஜெர்மனியின் ஆண்டர்சன் வென்றார். ஆனால் சீட்டுக் குலுக்கலில் என்ன ஆயிற்று என்றால், பாரிஸிலிருந்து வந்த கீசெரிட்ஸ்கி என்ற நல்ல ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே இதே ஆண்டர்சனிடம் மாட்டிக்கொண்டார். தோற்றார், வெளியே போனார். பாதிச் சுற்று தள்ளி மாட்டியிருந்தால் அவருக்கு என்ன இடம் கிடைத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நம்ம கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்களுக்கு இந்தச் சங்கதி நன்றாகப் புரியும். ஒரு வரிசையில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க எண்ணிக்கையை விட ஒன்று குறைவான ஒப்பீடு போதும். இரண்டாவது பெரிய எண் எது என்று கேட்டால் அந்த ஒப்பீடுகள் போதாது. ஃபைனலில் தோற்றவன்தான் இரண்டாவது என்று கோப்பை கொடுக்கிறோம், அது மரியாதைக்குக் கொடுப்பது. முதல் சுற்றில் சாம்பியனிடம் தோற்றவன் நிஜத்தில் இரண்டாவதாக இருக்கலாம்.

அதனால்தான் 1862-ல் லண்டனில் நடந்த பெரிய போட்டியில் முறையை மாற்றினார்கள். எல்லோரும் எல்லோருடனும் ஒரு தடவை ஆட வேண்டும். இதுதான் லீக், அல்லது ரவுண்டு ராபின். நம்ம காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா! ஊடை நூல் ஒவ்வொன்றும் பாவு இழை ஒவ்வொன்றையும் கடந்தே தீர வேண்டும், ஒன்றை விட்டாலும் துணி துணியாகாது. லீக்கும் அப்படித்தான். பன்னிரண்டு பேர் என்றால் பதினோரு சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பலகை, ஆக 66 ஆட்டம்.

இதற்கு அட்டவணை போடுவது பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் என் வேலையே உற்பத்தி அட்டவணை போடுவது, அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதைவிட அழகான அட்டவணையை நான் பார்த்ததில்லை. எட்டுப் பேரை நாலு நாலாக எதிரெதிரே உட்கார வையுங்கள். எதிரில் இருப்பவனோடு ஆட்டம். முடிந்ததும் ஒருவன் மட்டும் தன் நாற்காலியை விட்டு அசையக்கூடாது. மற்ற ஏழு பேரும் கடிகாரம் சுற்றுகிற திசையில் ஒரு இடம் நகர வேண்டும். ஏழு சுற்று முடிந்து பார்த்தால் எல்லோரும் எல்லோருடனும் சரியாக ஒரே ஒரு தடவை ஆடியிருப்பார்கள். ஏழு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒரு காலி நாற்காலியையும் ஆளாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் எதிரே வருகிறவனுக்கு அந்தச் சுற்று ஓய்வு. வெள்ளைக் காய், கறுப்புக் காய் இரண்டும் எல்லோருக்கும் ஏறக்குறைய சமமாகக் கிடைக்கும்படியும் அட்டவணை இருக்கிறது. 1886-ல் ரிச்சர்டு ஷூரிக் என்பவர் போட்டுக் கொடுத்தது அது. ஆனால் பின்னால் அதைத் தன் புத்தகத்தில் வெளியிட்ட ஆஸ்திரியாவின் யோகான் பெர்கர் பெயரால்தான் இன்றும் பெர்கர் அட்டவணை என்கிறார்கள். உழைத்தவன் ஒருவன், பேர் இன்னொருவனுக்கு. இது எல்லாத் துறையிலும் நடப்பதுதானே.

சரி, சுல்தான் கானிடம் திரும்புவோம். 1929 வசந்த காலத்தில் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துப் போனார். அங்கே அவருக்காகவே சின்னதாக ஒரு பயிற்சிப் போட்டி வைத்தார்கள். அதில் கடைசி இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்! ஐரோப்பிய விதிகளில் பழக்கம் குறைவு. ஆரம்ப நகர்த்தல்கள் பற்றி அங்கே அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருந்தன, அவர் அவற்றில் ஒன்றையும் படித்தவர் இல்லை. வில்லியம் வின்டர், பிரெடெரிக் யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அவரோடு உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப். பிரிட்டிஷ் பேரரசின் பிரஜைகள் யாரும் அதில் ஆடலாம் என்பது விதி. அந்த விதி வழியாகத்தான் அவர் உள்ளே நுழைந்தார். பன்னிரண்டு பேர் லீக். வந்து சில மாதங்களே ஆன சுல்தான் கான் அதில் முதலிடம் பெற்றார்.

என் அபிப்பிராயம் என்னவென்றால், அவருக்கு லீக் முறைதான் கைகொடுத்தது. ஆரம்பத்தில் தடுமாறி, நடு ஆட்டத்தில் நிமிர்ந்து, கடைசி ஆட்டத்தில் கழுத்தைப் பிடிக்கிற பாணி அவருடையது. ஆரம்பத்தில் தடுமாறுகிற ஆளுக்கு நாக்-அவுட் ஆபத்து. ஒரு நாள் சறுக்கினால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். லீக்கில் அப்படி இல்லை. இன்று தோற்றாலும் நாளை ஆட்டம் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. பதினோரு நாள் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் ஓரளவு கழிந்துபோய் ஆளின் நிஜமான எடை தெரிந்துவிடுகிறது.

சாம்பியன் ஆன கையோடு ஊர் திரும்பியவர், 1930 மே மாதம் மறுபடி ஐரோப்பா வந்தார். அதற்கப்புறம் மூன்றரை வருஷம் அவர் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செடுக்கிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் போட்டியில் டார்டகோவருக்கு அடுத்தபடி இரண்டாமிடம். அந்த வருஷக் கடைசியில் ஹேஸ்டிங்ஸ். இங்கிலாந்தின் தென்கரையில் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கும் அந்தப் போட்டி அந்தக் காலத்தில் அழைப்பின் பேரில் மட்டும்தான் நடந்தது. பத்துப் பேர், ஒன்பது சுற்று. 1930–31 போட்டியில் ஹாலந்தின் ஆய்வே ஏழு பாயிண்டு, கியூபாவின் காபாபிளாங்கா ஆறரை, நம்ம ஆள் ஆறு. மூன்றாமிடம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் போட்டியில் காபாபிளாங்காவை அவர் தோற்கடித்தார். காபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர், கடைசி ஆட்டத்தில் அவரை அடிக்க ஆளே இல்லை என்று பெயர். அப்படிப்பட்டவரின் காய்களை ஒவ்வொன்றாக மூச்சுத் திணற வைத்து, அவசரமே படாமல் ஜெயித்தார். சதுரங்கப் புத்தகங்களில் இன்றும் அச்சாகிற ஆட்டம் அது.

லீக் ஒரு வகை என்றால், இருவர் மட்டும் மோதுகிற மேட்ச் இன்னொரு வகை. உலக சாம்பியன் பட்டம் இன்றும் மேட்ச் மூலம்தான் முடிவாகிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் ஜெயித்தது பதினாலு ஆட்ட மேட்ச். இதில் ஒளிய இடம் கிடையாது. எதிராளி உங்கள் பலவீனத்தை ஒரு ஆட்டத்தில் கண்டுபிடித்தால் அடுத்த ஆட்டத்திலும் அங்கேயே குத்துவான். சுல்தான் கான் 1931-ல் டார்டகோவரோடு பன்னிரண்டு ஆட்டம் ஆடினார். நாலு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து டிரா. மேட்ச் அவருக்கு. அடுத்த வருஷம் செக்கோஸ்லோவாகியாவின் ஃப்ளோரோடு ஆறு ஆட்டம். ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, மூன்று டிரா என்று மயிரிழையில் இழந்தார். இரண்டு பேருமே அக்காலத்தில் உலகின் முன்னணி வரிசை.

மூன்றாவது வகை, அணிகள் மோதும் ஒலிம்பியாட். ஃபிடே என்ற உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1924-ல் பாரிஸில் தொடங்கியது. முதல் ஒலிம்பியாட் 1927-ல் லண்டனில். ஒவ்வொரு மோதலிலும் நாலு பலகை. முதல் பலகையில் ஆடுகிறவன் எதிரணியின் மிகச் சிறந்த ஆளையே தினமும் சந்திக்க வேண்டும், அதனால் அங்கே பலமான ஆளைத்தான் உட்கார வைப்பார்கள். பிரிட்டிஷ் அணியின் முதல் பலகை மூன்று ஒலிம்பியாடிலும் சுல்தான் கானுக்குத்தான். 1930 ஹாம்பர்க்கில் பதினெட்டு அணி, பதினேழு சுற்று லீக். பதினேழும் ஆடினார், ஒன்பது வெற்றி, நாலு டிரா, நாலு தோல்வி. அடுத்த வருஷம் பிராகாவில் பதினேழு ஆட்டத்தில் இரண்டே தோல்வி. ஃப்ளோரையும் ரூபின்ஸ்டைனையும் தோற்கடித்தார், அப்போதைய உலக சாம்பியன் அலெகைனோடு டிரா செய்தார். 1933-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனில் நாலு வெற்றி, ஆறு டிரா, நாலு தோல்வி.

இவ்வளவும் உடம்பு ஒத்துழைக்காத நிலையில் செய்தது என்பதையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்துக் குளிர் அவருக்கு ஆகவே இல்லை. மலேரியா விட்டு விட்டு வரும், ஜலதோஷம், தொண்டைப் புண். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பலகைக்கு வந்து உட்காருவார் என்று கூட ஆடியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராது.

பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை 1932-லும் 1933-லும் மறுபடி வென்றார். நாலு தடவை ஆடி மூன்று தடவை சாம்பியன். 1933-ல் ஹேஸ்டிங்ஸில் இன்னொரு அதிசயமும் நடந்தது. அதே சர் உமர் வீட்டைச் சேர்ந்த, மிஸ் ஃபாத்திமா என்றே ஆவணங்களில் குறிக்கப்படும் இளம்பெண், பெண்களுக்கான பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் பத்து வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லாமல், அடுத்து வந்தவரைவிட மூன்று பாயிண்டு கூடுதலாக எடுத்து வென்றார். லீக்கில் மூன்று பாயிண்டு வித்தியாசம் என்பது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரே வீட்டிலிருந்து, ஒரே வருஷத்தில், இரண்டு பிரிட்டிஷ் சாம்பியன்கள்! நம் மாணவிகள் கவனிக்க வேண்டிய பெயர் இது.

இனிமேல் சொல்லப்போவது மனசுக்குக் கஷ்டமான பகுதி. அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் பின்னாளில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்தார். 1933-ல் ஒலிம்பியாடுக்கு வந்த அமெரிக்க அணியை சர் உமர் லண்டன் வீட்டில் விருந்துக்கு அழைத்தாராம். சாப்பாட்டு மேஜையில் தங்களுக்குப் பரிமாற வந்து நின்றவர் சுல்தான் கான் என்று பார்த்து இவர்களுக்குக் கூச்சமாகிவிட்டதாம். பலகையில் சமமாக உட்கார்ந்து ஆடிய மனிதர் மேஜையில் பின்னால் நிற்கிறார். இதை வைத்துத்தான் அவர் வேலைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற கதை உலகம் முழுக்கப் பரவியது. அண்மைக் காலத்தில் அவர் குடும்பத்தார் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். நிலபுலன் உள்ள, சமயப் பெரியவர்கள் மரபில் வந்த குடும்பம் எங்களுடையது, சர் உமர் அவருக்குச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரராகத்தான் வைத்திருந்தார், எழுத்தறிவு இல்லாதவர் என்பதும் பொய் என்பது அவர்கள் கட்சி. ஒரு காலனி நாட்டு மனிதன் ஜெயித்தால் அவனை விசித்திரப் பிறவியாகக் காட்டுவதில் அன்றைய பத்திரிகைகளுக்கு இருந்த ருசியையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்காரரோ, சம்பளம் வாங்கிய ஆட்டக்காரரோ, ஒரு விஷயத்தில் சந்தேகம் இல்லை. எந்தப் போட்டிக்குப் போவது, எப்போது ஊருக்குத் திரும்புவது என்று தீர்மானித்தவர் அவர் அல்ல. போட்டி அட்டவணையில் பெயர் ஏறிவிட்டால் அலெகைனும் அவரும் ஒன்று. ஜாதி, மதம், மொழி, எஜமானன், எதையும் அந்த அட்டவணை கேட்காது, மூன்றாவது சுற்றில் யாருக்கு எதிரில் யார் என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் அந்த அட்டவணையில் பெயர் ஏறுவதற்கு ஹேஸ்டிங்ஸிலிருந்து அழைப்பு வர வேண்டும், கப்பல் கட்டணம் வேண்டும், லண்டனில் தங்க வீடு வேண்டும். அதெல்லாம் சர் உமர் கையில் இருந்தது.

1933 டிசம்பரில் சர் உமரோடு அவரும் இந்தியா திரும்பினார். வயது முப்பது. சதுரங்கத்தில் ஒரு மனிதன் உச்சத்தை நோக்கிப் போகிற வயது. (இதை எழுதும் எனக்கும் முப்பது தாண்டிவிட்டதால் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போகிறேன்!) 1935-ல் காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டம் ஆடி ஒன்பதை வென்று ஒன்றை டிரா செய்தார். அத்தோடு சரி. அதன்பின் பெரிய போட்டி எதிலும் அவர் பெயர் இல்லை.

ஏன் ஆடவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் வேறு மாதிரிக் கேட்கிறேன். எதில் ஆடுவது? இங்கே அப்போது என்ன இருந்தது? அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு உருவானதே 1951-ல்தான், அதுவும் நம்ம சென்னையில். கூட்டமைப்பின் முறைப்படியான முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1955-ல் ஆந்திரத்தின் ஏலூரில் நடந்தது. இந்தியா தன் பெயரில் ஒலிம்பியாடுக்கு அணி அனுப்பியது 1956-ல், மாஸ்கோவுக்கு. சுல்தான் கான் ஊர் திரும்பியதற்கும் ஏலூர் போட்டிக்கும் நடுவே இருபத்தொரு வருஷம். அதற்குள் பஞ்சாப் இரண்டாகி அவர் ஊர் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. கூடவே, இந்தியாவுக்காக ஆடுகிற வாய்ப்பும் போயிற்று. தறி இருந்தால்தானே நெசவாளி? தறியைப் பிடுங்கிவிட்டு, இவன் ஏன் நெய்யவில்லை என்று கேட்கலாமா?

இந்த இடத்தில், அவர் ஆடிய பெரிய போட்டிகளில் இல்லாத, ஆனால் இன்று நம் எல்லோரையும் ஆட வைக்கிற முறையைச் சொல்லியாக வேண்டும். லீக் நியாயமானது, ஆனால் ஆள் கூடினால் தாங்காது. நம் கல்லூரிப் போட்டிக்கு அறுபது பேர் பெயர் கொடுத்தால் லீக்கில் 1,770 ஆட்டம் வரும், செமஸ்டர் முடிந்துவிடும். நாக்-அவுட்டில் 59 ஆட்டம்தான், ஆனால் முதல் ரவுண்டு முடிந்ததும் முப்பது பேர் பத்து மணிக்கே கேண்டீனில் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1895-ல் சூரிச் நகரில் யூலியஸ் முல்லர் என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதுதான் ஸ்விஸ் முறை.

ஸ்விஸ்ஸில் தோற்றாலும் யாரும் வெளியேற வேண்டாம். முதல் சுற்றுக்கு எல்லோரையும் தர வரிசைப்படி எழுதி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு, இரண்டாமவனை இரண்டாமவனோடு என்று ஜோடி சேர்க்க வேண்டும். அடுத்த சுற்றிலிருந்து ஒரே பாயிண்டு வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். ஜெயித்தவனுக்கு ஜெயித்தவன், தோற்றவனுக்குத் தோற்றவன். ஒரு தடவை மோதிய இருவர் மறுபடி மோதக்கூடாது. ஒருவனுக்கே தொடர்ந்து ஒரே நிறக் காய் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் கீழே இருப்பவனுக்கு ஆட்டமில்லாமல் ஒரு பாயிண்டு. அறுபது பேருக்கு ஆறு சுற்று போதும், 180 ஆட்டத்தில் சனி ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம். சமமாகப் பாயிண்டு எடுத்தவர்களைப் பிரிக்க, அவரவர் மோதிய எதிராளிகளின் பாயிண்டுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். பலமானவர்களோடு மோதி எடுத்த பாயிண்டுக்கு மதிப்பு அதிகம். இதற்கு புக்ஹோல்ஸ் என்று பெயர். குறையும் உண்டு. முதலிடம் நம்பும்படியாக இருக்கும், பதினைந்தாவது இடமா இருபதாவது இடமா என்பதெல்லாம் பாதி அதிர்ஷ்டம். ஆகவே நடு வரிசையில் வந்த தம்பிகள் ரொம்ப வருத்தப்பட வேண்டாம்.

ஒலிம்பியாட் 1976-ல் ஸ்விஸ் முறைக்கு மாறியது. 2022-ல் நமக்குப் பக்கத்தில், மாமல்லபுரத்தில் 44-வது ஒலிம்பியாட் நடந்ததே, ஓபன் பிரிவில் மட்டும் 188 அணி. ஹாம்பர்க் மாதிரி லீக் வைத்திருந்தால் 187 சுற்று ஆடியிருக்க வேண்டும், தினம் ஒன்று என்றாலும் ஆறு மாசத்துக்கு மேல். பதினோரே சுற்றில், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 10-க்குள் முடித்தார்கள். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, குகேஷும் பிரக்ஞானந்தாவும் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம், பெண்கள் பிரிவில் நம் முதல் அணிக்கும் வெண்கலம். ஏழை நாடு, பணக்கார நாடு என்றில்லாமல் 188 அணிக்கு நாற்காலி போட முடிந்தது ஸ்விஸ் முறையால்தான். யாரும் அழைக்காமல், பேர் கொடுத்து, கட்டணம் கட்டி, உள்ளே போய் உட்காரலாம் என்கிற ஓபன் போட்டிகளும் இந்த முறையால்தான் நடக்கின்றன. சென்னையில் 1972-ல் தொடங்கிய தால் கிளப் போன்ற இடங்களில் ஆடிப் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் ஏறி வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஆனந்த். எந்தச் சீமானுடைய தயவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

சர் உமர் 1944-ல் காலமானார். சுல்தான் கான் சர்கோதா பக்கம் தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தார். 1950-ல் ஃபிடே முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்க ஆரம்பித்தபோது இருபத்தேழு பேர் பட்டியலில் ரூபின்ஸ்டைன் போல ஆடுவதை எப்போதோ நிறுத்திவிட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ரூபின்ஸ்டைனை பிராகாவில் தோற்கடித்தவருக்கு இடமில்லை. அவர் பெயரைச் சொல்லப் பரிந்துரைக்கும் சங்கம் ஒன்று எங்கேயும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கவில்லை; இதைவிடப் பிரயோஜனமான காரியம் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டதாக அவர் மகன் பின்னாளில் தெரிவித்தார். காசநோயால் 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் இறந்தார்.

2024 பிப்ரவரியில் ஃபிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் பாகிஸ்தானுக்குப் போனபோது, சுல்தான் கானுக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அறிவித்து, அதற்கான பத்திரத்தை அந்நாட்டு இடைக்காலப் பிரதமரிடம் ஒப்படைத்தார். பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்று இப்போது அவர் பெயர்தான் பதிவாகியிருக்கிறது.